கடல் பக்க நாற்காலி

உலகத்தில் எந்த மூலைக்கு வேண்டுமானாலும் போய்விட்டு வா, செலவு எங்களுடையது என்று சொன்னால், எந்தப் பைத்தியக்காரியாவது தான் வேலை பார்க்கிற கட்டடத்துக்கே விடுமுறைக்குப் போவாளா? போவாள். நான் போனேன். என் வீட்டுக்காரர் இன்னும் அந்த ஆற்றாமையிலிருந்து எழுந்திருக்கவில்லை.

கடலைப் பார்த்து நிற்கிற ஒரு பெரிய ஓட்டலில் நான் அறை சுத்தம் செய்கிறவள். ஆறாவது மாடி என்னுடையது. என்னுடையது என்பதெல்லாம் வாய்ப்பேச்சுக்குத்தான். அங்கே இருக்கிற ஒரு தலையணை உறைகூட எனக்குச் சொந்தமில்லை. நானும் பம்பரமும் ஜோடியாக வேலை செய்வோம். படுக்கை எனக்கு, குளியலறை அவளுக்கு. ஓர் இடத்தில் நில்லாமல் சுற்றுகிறவள் என்பதால் அவளுக்கு அந்தப் பெயர். என்னைவிட ரொம்ப இளையவள். அக்கா அக்கா என்று உயிரை விடுவாள், ஆனால் வேலை என்று வந்துவிட்டால் எனக்கே அக்கா ஆகிவிடுவாள்.

எங்கள் நாள் ஓர் ஒப்பித்தலோடு தொடங்கும். சலவை அறைக்கு வெளியே எல்லாரும் வரிசையாக நிற்க வேண்டும். மேனேஜர் வருவார். எங்களுக்குள் அவருக்குப் பெயர் பல்வரிசை. விருந்தினரைக் கண்டால் முப்பத்திரண்டும் தெரியும். எங்களைக் கண்டால் ஒன்றுகூடத் தெரியாது. அவர் ஒவ்வொரு வரியாகச் சொல்ல, ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகள் வாய்ப்பாடு சொல்வது போல நாங்கள் ராகம் போட்டுத் திருப்பிச் சொல்ல வேண்டும்.

"சிரித்த முகத்தோடு இருப்போம்."

"விருந்தினர் கேட்டால் முடியாது என்று சொல்ல மாட்டோம்."

"விருந்தினர் லிஃப்டில் ஏற மாட்டோம்."

"அறையில் உட்கார மாட்டோம்."

"பால்கனியில் நிற்க மாட்டோம்."

அந்தக் கடைசி வரி இருக்கிறதே, அது என் புண்ணியம்.

ஆறாவது மாடியின் ஓரத்தில் அறுநூற்றுப் பன்னிரண்டு என்று ஓர் அறை உண்டு. இரண்டு பக்கமும் கடல் தெரியும். பால்கனியில் இரண்டு பிரம்பு நாற்காலிகள், நடுவில் ஒரு சின்ன மேசை. பல வருஷத்துக்கு முன்னால், ஓட்டல் நிரம்பி வழிந்த ஒரு வாரத்தின் கடைசி நாள். எனக்கு இடுப்பு இற்றுப் போயிருந்தது. பால்கனிக் கம்பியைத் துடைத்துக்கொண்டிருந்தவள் துணியைக் கையில் பிடித்தபடியே கொஞ்சம் நின்றுவிட்டேன். உட்காரவில்லை. நின்றேன். முகத்தில் காற்று அடித்தது. கீழே ஒரு படகு போய்க்கொண்டிருந்தது, அது முனை திரும்பும்வரை பார்க்கலாமே என்று தோன்றியது.

கறுப்புக் கண்ணாடியை மறந்து வைத்துவிட்டுப் போன அந்த அறைக்காரம்மா அதை எடுக்கத் திரும்பி வந்தாள். என்னைப் பார்த்தாள். கண்ணாடியை எடுத்துக்கொண்டு நேரே கீழே போனாள். நான் அடுத்த அறைக்குப் போவதற்குள் எனக்கு அழைப்பு வந்துவிட்டது.

"கடலை வேடிக்கை பாக்கவா உனக்குச் சம்பளம் குடுக்கறோம்?" என்று பல்வரிசை எல்லார் முன்னாலும் கேட்டார். மறுநாள் காலை வாய்ப்பாட்டில் புதிதாக ஒரு வரி சேர்ந்தது. "இது யாரால வந்துச்சுன்னு எல்லாருக்கும் தெரியும்ல?" என்று வேறு கேட்டு, என் பக்கம் ஒரு பார்வை விட்டார்.

அன்றிலிருந்து தினமும் என் வாயாலேயே அதைச் சொல்கிறேன். அவமானம் ஒரு தடவை பட்டால் மறந்துவிடலாம். அதையே காலைப் பலகாரம் போல நாள் தவறாமல் மென்று விழுங்கச் சொன்னால் எப்படி மறப்பது? எனக்குக் கோபம். வேறு அழகான பெயரெல்லாம் அதற்குக் கிடையாது.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். அறைக்குள் போவதற்கு முன் நாங்கள் மூன்று தட்டுத் தட்டி, "ஹவுஸ்கீப்பிங்" என்று குரலை இழுத்துச் சொல்லிவிட்டுக் காத்திருக்க வேண்டும். உள்ளேயிருந்து பாதி நேரம் ஒரே பதில்தான் வரும். "அப்புறம் வா." எங்கெங்கிருந்தோ வருகிற சனங்கள், எத்தனையோ பாஷை. ஆனால் அந்த 'அப்புறம் வா' மட்டும் எல்லா பாஷையிலும் ஒரே ராகம். உள்ளே ஆள் என்ன செய்கிறார் என்று எனக்குத் தெரியாது. என்னை நிற்க வைக்க அவரால் முடிகிறது என்பது மட்டும் தெரியும்.

இப்படி இருக்கையில்தான் எனக்குப் பரிசு வந்தது. நீண்ட காலம் வேலை பார்த்தவர்களுக்கு முதலாளிமார் கொடுப்பது. மேடைக்குக் கூப்பிட்டு ஒரு கண்ணாடிக் கோப்பையும் ஓர் உறையும் கொடுத்தார்கள். எங்கள் கம்பெனிக்குப் பனிமலையில் ஓட்டல் இருக்கிறது, பாலைவனத்தில் இருக்கிறது, தீவில் இருக்கிறது. அதில் எதில் வேண்டுமானாலும் எந்த அறையில் வேண்டுமானாலும் ஜோடியாகப் போய் நான்கு நாள் தங்கலாம். விமான டிக்கெட்டும் அவர்களே எடுத்துத் தருவார்கள். எல்லாரும் கை தட்டினார்கள். பல்வரிசை எனக்காக முதல் தடவையாகப் பல்லைக் காட்டினார். படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள் அல்லவா.

வீட்டில் அன்று கல்யாணக் களைதான். என் வீட்டுக்காரர் டாக்ஸி ஓட்டுகிறவர். ஆயுசு முழுக்க ஊர் சுற்றுகிறவர்களை விமான நிலையத்திலிருந்து ஏற்றி வந்து, திரும்பக் கொண்டுபோய் விட்டவர். விமான நிலையத்தின் கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் என்ன இருக்கிறது என்று அவருக்குத் தெரியாது. உறையோடு வந்த, கம்பெனி ஓட்டல்களின் படம் போட்ட புத்தகத்தைச் சாப்பாட்டு மேசையில் விரித்து வைத்துக்கொண்டு, "பனி. கண்ண மூடிட்டுப் பனிதான்" என்றார். மறுநாளே ஒரு கம்பளித் தொப்பி வாங்கிக்கொண்டு வந்துவிட்டார். எங்கள் ஊர் வெயிலில் அதைத் தலையில் மாட்டிக்கொண்டு கண்ணாடி முன் நின்று பார்த்தார். பிள்ளை பிறப்பதற்கு முன்பே பெயர் வைத்த கதை.

மகள், "அம்மா, தீவுக்குப் போங்கம்மா. படம் எடுத்தா அள்ளும்" என்றாள். கல்லூரியில் படிக்கிறாள், அவளுக்கு எதுவுமே படத்தில் எப்படி வரும் என்பதுதான் கணக்கு.

நான் புத்தகத்தைப் புரட்டினேன். கடைசிக்கு முந்தின பக்கத்தில் எங்கள் ஓட்டலின் படமும் இருந்தது. விரல் வைத்து, "இங்க போலாம்" என்றேன்.

வீட்டுக்காரர் எட்டிப் பார்த்தார். முகத்தில் ஈயாடவில்லை. "இது... நீ வேலை பாக்கற இடம்."

"ஆமா."

"அங்கதான் தினம் போறியே!"

"பின்வாசல் வழியாப் போறேன்."

"ஏம்மா, உலகமே தொறந்து கெடக்கு" என்றாள் மகள். "கடல் பாக்கணும்னா ஞாயித்துக்கெழம பஸ் ஏறிப் போய்ப் பாருங்களேன்."

"எனக்குக் கடல் வேணாம்டி. அந்த நாற்காலி வேணும்."

வீட்டுக்காரர் தொப்பியைக் கழற்றி மேசையில் வைத்தார். "நீ அங்க போய் என்ன பண்ணப் போற தெரியுமா? தலகாணி உறைய மாத்திட்டுத்தான் படுப்ப. எழுதி வெச்சுக்கோ" என்றார். அதன் பிறகு பேச்சை நிறுத்திவிட்டார். சமாதானம் பேச மகள் பத்து முறை இங்கும் அங்கும் நடந்தாள். நான் ஒற்றைக்காலில் நின்றேன். மனசு சங்கடப்படாமல் இல்லை. பாவம், அந்த மனுஷனுக்கும் ஓர் ஆசை. ஆனால் வேறு எந்த ஊர் ஓட்டலில் போய் நாற்காலியில் உட்கார்ந்தாலும் அது வெறும் உட்காருதல்தான். இங்கே உட்கார்ந்தால்தான் அது பதில்.

பல்வரிசையிடம் போய்ச் சொன்னபோது அவர் வேடிக்கை என்று நினைத்துக்கொண்டார். வேடிக்கை இல்லை என்று தெரிந்ததும் நாற்காலியைக் காட்டி, "உக்காருங்க" என்றார். நேற்றுவரை 'நீ', இன்றைக்கு 'நீங்க'. அப்போதே எனக்குப் புரிந்துவிட்டது, மனுஷன் பயந்துவிட்டார் என்று.

"மலைக்குப் போங்கம்மா. அங்க நான் பேசி இன்னும் ரெண்டு நாள் சேத்து வாங்கித் தரேன்."

"வேணாங்க."

"இங்க தங்கினா உங்களுக்கே சங்கடமா இருக்கும்."

"எனக்கா, உங்களுக்கா?"

அவர் கம்ப்யூட்டரைத் தட்டினார். "கடல் பக்கம் எல்லாம் ஃபுல். பின்பக்கம் ஒண்ணு இருக்கு. தோட்டம் தெரியும்."

பின்பக்கம் தோட்டம் தெரியாது. எங்கள் குப்பைத் தொட்டிகள்தான் தெரியும். "புதன்கெழம அறுநூத்திப் பன்னெண்டு காலியாகுதுங்க. விரிப்பு மாத்தறதே நான்தானே" என்றேன். அதற்கு மேல் அவரால் என்ன சொல்ல முடியும்? எந்த ஓட்டலும் எந்த அறையும் என்று மேடையில் மைக் வைத்துச் சொன்னது அவருடைய முதலாளி.

புதன்கிழமை வீட்டுக்காரரின் டாக்ஸியிலேயே போய் இறங்கினோம். அவர் ஊமையாகத்தான் வண்டி ஓட்டினார். ஆனாலும் கம்பளித் தொப்பியைக் கைப்பையில் வைத்திருந்தார். கோபத்தைப் பொட்டலம் கட்டி எடுத்து வந்தது மாதிரி. வாசல் காவலாளி எங்களோடு பின்பக்கம் உட்கார்ந்து டீ குடிக்கிறவன். கதவைத் திறந்துவிட்டு, குனிந்து, "வாங்க மேடம்" என்றான். குனிந்த தலைக்குள் அவன் சிரித்த சிரிப்பு எனக்கு மட்டும் தெரிந்தது. முன்வாசல் பளிங்குத் தரையில் என் செருப்பு சத்தம் போட்டது. அத்தனை வருஷத்தில் அந்தத் தரையில் நான் நடந்ததே இல்லை. விருந்தினர் லிஃப்டில் மூன்று பக்கமும் கண்ணாடி. எந்தப் பக்கம் திரும்பினாலும் நான்தான் நின்றுகொண்டிருந்தேன்.

அறையைத் திறந்து நேரே பால்கனிக்குப் போனேன்.

நாற்காலிகள் இல்லை.

மேசை மட்டும் அநாதையாக நின்றது. கீழே தொலைபேசியில் கேட்டேன். வரவேற்பில் இருந்த பெண் யாரிடமோ கேட்டுவிட்டு வந்து, "பெயிண்ட் அடிக்கப் போயிருக்கு மேடம்" என்றாள். பிரம்பு நாற்காலிக்கு என்ன பெயிண்ட்? எனக்குக் கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது. அழுகை இல்லை, ஆத்திரம். சாமி கொடுத்தாலும் பூசாரி கொடுக்க மாட்டான் என்று சும்மாவா சொன்னார்கள்.

"தரையில ஒரு துண்டப் போட்டு உக்காரேன்" என்றார் வீட்டுக்காரர். பேச்சு நின்றதிலிருந்து அவர் என்னிடம் சொன்ன முதல் வார்த்தை அது.

"தரையில உக்காரவா இவ்வளவு தூரம் வந்தேன்? உங்க பனியயும் விட்டுட்டு?"

அவர் என் முகத்தைப் பார்த்தார். பால்கனிக் கதவைச் சாத்திவிட்டு வந்தார். அன்று சாயங்காலம் நான் அந்தப் பக்கமே போகவில்லை. நின்று பார்க்க மாட்டேன் என்று எனக்கு நானே வைராக்கியம். நின்றது போதும்.

மறுநாள் விடிந்தும் விடியாமலும் ஒரு கூத்து. உடம்புக்கு விடுமுறை என்று யார் சொல்வது? கண் முழித்ததும் கை தானாக வேலையைத் தொடங்கிவிட்டது. விரிப்பின் முனையைப் பிடித்து, நாங்கள் வழக்கமாகச் செய்கிற மாதிரி, ஒரே சுண்டாகச் சுண்டி இழுத்தேன். தொப் என்று ஏதோ விழுந்தது.

"மனுஷன் இன்னும் உள்ளதான்டி இருக்கேன்!" என்று தரையிலிருந்து குரல் வந்தது.

அவர் விழுந்து கிடந்த கோலத்தைப் பார்த்ததும் எனக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. அவருக்கும் வந்துவிட்டது. இடுப்பைப் பிடித்துக்கொண்டு, "நான் அன்னிக்கே சொன்னேன்ல, எழுதி வெச்சுக்கோன்னு" என்றார். எங்கள் சண்டை அப்படித்தான் தீர்ந்தது.

சாப்பாட்டு அறைக்கு இறங்கிப் போனோம். போகிற வழியிலேயே வரவேற்பில் ஒரு பையன் ஓடி வந்து, "ரூமுக்கே அனுப்பட்டுமா மேடம்? மேனேஜர் சொன்னாரு" என்றான். வேண்டாம் என்றேன். ரொட்டி, முட்டை, பழம், காப்பி எல்லாம் வரிசையாக இருந்தன. வீட்டுக்காரர் ஒரு தட்டு போதாமல் இரண்டு தட்டில் எடுத்தார். பரிமாறுகிற பிள்ளைகள் சுவரோரம் நின்று, எங்களைப் பார்க்காதது போலப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

கூட்டம் அதிகம். "இங்க உக்காரலாமா?" என்று ஓர் அம்மா எங்கள் மேசைக்கு வந்தாள். நிமிர்ந்து பார்த்தேன். துண்டம்மா! வருஷா வருஷம் வருகிறவள். எத்தனை துண்டு வைத்தாலும் இன்னும் இரண்டு கேட்பாள். அதனால் அந்தப் பெயர். அறுநூற்றுப் பன்னிரண்டில்தான் தங்குவாள். அன்றைக்குக் கறுப்புக் கண்ணாடி எடுக்கத் திரும்பி வந்தவளும் இவளேதான்.

அவளுக்கு என்னை அடையாளம் தெரியவில்லை. அவளுடைய படுக்கையை எத்தனை முறை விரித்திருப்பேன். அவள் எந்தப் பக்கம் படுப்பாள், எத்தனை தலையணை வைப்பாள் என்பதெல்லாம் எனக்குத் தெரியும். சீருடையைக் கழற்றிவிட்டால் நான் அவளுக்குப் புது மனுஷி.

"முதல் தடவையா வரீங்களா?" என்று பிரியமாகக் கேட்டாள்.

"விருந்தாளியா முதல் தடவை."

"நல்ல இடம். நான் உலகம் பூரா சுத்தியிருக்கேன், இந்தக் கடல் மாதிரி வராது. எந்த ரூம்?"

"அறுநூத்திப் பன்னெண்டு."

"அட! அது என் ரூமாச்சே! இந்தத் தடவை யாரோ முந்திக்கிட்டாங்கன்னாங்க. நீங்கதானா?" என்று செல்லமாக விரலை ஆட்டினாள். பிறகு என் பக்கம் சாய்ந்து குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "ரூம் அருமையான ரூம். ஆனா இந்த வேலக்காரங்க மேல ஒரு கண்ணு வெச்சுக்குங்க. ஒரு தடவ நான் திரும்பி வந்து பாத்தா, ஒருத்தி என் பால்கனியில மகாராணி மாதிரி நின்னு காத்து வாங்கிட்டு இருக்கா. நான் விடல. கீழ போய் நல்லாச் சொல்லிட்டு வந்தேன். அதுக்கப்புறம் ஒருத்தியும் நிக்கிறதில்ல."

வீட்டுக்காரரின் கையில் இருந்த ரொட்டி வாய்க்குப் போகாமல் நின்றது. அவருக்குக் கதை தெரியும். அந்த நாள் வீட்டுக்கு வந்து நான் அழுததும் தெரியும்.

என் காப்பியை ஒரு வாய் குடித்தேன்.

"அந்த மகாராணி நான்தாங்க" என்றேன்.

அவள் சிரித்தாள். பிறகு சிரிப்பு பாதியில் நின்றது. முதல் தடவையாக என் முகத்தைப் பார்த்தாள். கண், மூக்கு, வாய் என்று ஒவ்வொன்றாகச் சேர்த்துப் பார்த்தாள். தட்டை அப்படியே வைத்துவிட்டு எழுந்து போனாள். எங்கே போகிறாள் என்று எனக்குத் தெரியும். அந்தக் காலுக்கு அந்த வழி பழக்கம்தான்.

பல்வரிசை வந்தார். பல் எல்லாம் தெரிய வந்தார், சுற்றிலும் விருந்தினர் இருந்ததால். குனிந்து, சிரித்த வாய் சிரித்தபடியே இருக்க, "அம்மா, மீதிய ரூமுக்கு அனுப்பி வைக்கிறேன். மேல போயிடுங்க. மத்த கெஸ்ட்டுங்க சங்கடப்படறாங்க" என்றார்.

நான் வாயைத் திறப்பதற்குள் வீட்டுக்காரர் முந்திக்கொண்டார். கன்னம் உப்ப மென்றுகொண்டே, "தம்பி, இன்னொரு முட்டை கொண்டாரச் சொல்லுங்க. மஞ்சக்கரு வேகாம" என்றார்.

சுவரோரம் நின்ற பிள்ளைகளில் ஒருத்தி வாயைப் பொத்திக்கொண்டாள். அப்போது அந்த மனுஷன்மேல் எனக்கு வந்த பிரியம், அவரைக் கட்டிக்கொண்ட நாளில்கூட வந்ததில்லை.

"நான் எங்கயும் போகலைங்க" என்றேன். "சாப்பிட்டுட்டுத்தான் எந்திரிப்பேன். அப்புறம் இன்னொண்ணு. என் பால்கனி நாற்காலி ரெண்டும் வந்தாகணும்."

"அது பெயிண்ட்டுக்கு..."

நான் விடவில்லை. எல்லார் காதிலும் விழுகிற மாதிரி, காலை வாய்ப்பாட்டு ராகத்திலேயே, "விருந்தினர் கேட்டால் முடியாது என்று சொல்ல மாட்டோம்" என்று பாடினேன். சுவரோரத்தில் யாரோ பழக்க தோஷத்தில் பின்பாட்டுப் பாடிவிட்டார்கள். அடக்கிய சிரிப்பு மேசைக்கு மேசை தாவியது. பல்வரிசையின் காது சிவந்தது. சிரிப்பு மட்டும் உதட்டில் ஆணி அடித்த மாதிரி அப்படியே இருந்தது.

அந்தச் சிரிப்போடேயே, எனக்கு மட்டும் கேட்க, "திங்கக்கெழம நீ வேலைக்கு வருவ இல்ல?" என்றார். 'நீங்க' போய்விட்டது, 'நீ' வந்துவிட்டது.

பயந்துதான் போனேன். பொய் சொல்ல மாட்டேன். மகளுக்கு இன்னும் படிப்பு இருக்கிறது. டாக்ஸி ஒரு நாள் ஓடினால் ஒரு நாள் படுத்துக்கொள்கிறது. ஆனால் உரலுக்குள் தலையைக் கொடுத்தாகிவிட்டது, இனி உலக்கைக்குப் பயந்து ஆகப்போவது என்ன?

"வருவேன்" என்றேன். "சரியான நேரத்துக்கு வருவேன். வரிசையில நிப்பேன். எல்லா வரியும் சொல்லுவேன். அந்தக் கடைசி வரிய மட்டும் சொல்ல மாட்டேன். இனிமே எப்பவும் சொல்ல மாட்டேன்."

அவர் நிமிர்ந்தார். பக்கத்து மேசைக்குத் திரும்பி, "காப்பி நல்லா இருக்கா சார்?" என்று கேட்டுவிட்டுப் போனார். முட்டை வந்தது. மஞ்சள் கரு வேகாமல்தான் வந்தது.

அறைக்குத் திரும்பினோம். வீட்டுக்காரர், "நான் குளத்துப் பக்கம் போறேன். நீ உன் சண்டைய முடிச்சுட்டுக் கூப்பிடு" என்று நீச்சல் குளத்துக்கு இறங்கினார். கொஞ்ச நேரத்தில் கதவு தட்டப்பட்டது. மூன்று தட்டு. பிறகு "ஹவுஸ்கீப்பிங்" என்று இழுத்த குரல். அந்தத் தட்டலை வாழ்நாளில் முதல் தடவையாக உள்ளேயிருந்து கேட்டேன். என்ன பழக்கமோ, திடுக்கென்று கட்டிலிலிருந்து எழுந்து சேலையைச் சரி செய்துகொண்டு விறைப்பாக நின்றேன்.

கதவைத் திறந்தால் பம்பரம். தள்ளுவண்டியின் மேலே, அழுக்குத் துணி மூட்டை வைக்கிற இடத்தில், இரண்டு பிரம்பு நாற்காலிகள் கால் மேலே தூக்கியபடி கிடந்தன.

"எங்க கெடச்சுதுடி?"

"பல்வரிசையோட ரூமுக்குள்ளயே இருந்துச்சுக்கா. கோட்டு மாட்டி வெச்சிருந்தாரு. விருந்தாளி கேட்டாங்க, எடுத்துட்டு வந்துட்டேன்." கண்ணைச் சிமிட்டினாள். "கோட்டத் தரையில போடல. நாங்க என்ன அப்படிப்பட்ட ஆளுங்களா? மடிச்சுத்தான் வெச்சுட்டு வந்தேன்."

நாற்காலிகளைப் போட்டாள். துடைத்தாள். துடைத்த இடத்தையே மறுபடி துடைத்தாள். நான் உட்கார்ந்தேன்.

என்ன இருந்தது என்று மகள் அப்புறம் கேட்டாள். என்ன இருக்கும்? நாற்காலி கொஞ்சம் ஆடியது. இடது கைப்பிடியில் ஒரு பிரம்பு பிரிந்திருந்தது. கடல் அதே கடல். ஆனால் என் முதுகு நாற்காலியில் சாய்ந்திருந்தது. கையில் துணி இல்லை. கதவுப் பக்கம் காது வைக்கவில்லை. அவ்வளவுதான். அவ்வளவுக்குத்தான் இத்தனை வருஷம் ஆகியிருக்கிறது. எனக்கு அழுகை வந்தது, அழுதேன்.

பம்பரம் அறைக்கும் பால்கனிக்கும் நடுவில் வாசற்படியில் நின்றாள். இந்தப் பக்கம் கால் வைக்கவில்லை.

"வாடி. இன்னொண்ணு காலியாத்தான இருக்கு."

"ஐயோ வேணாங்க்கா. வண்டி வெளிய நிக்குது."

"விருந்தாளி கேக்கறேன். முடியாதுன்னு சொல்லுவியா?"

அவள் உதட்டைக் கடித்தாள். கணக்குப் போட்டாள். முகத்தில் மெல்ல ஒரு குறும்பு ஏறியது. "அறையில உக்காரக் கூடாது. பால்கனியில நிக்கக் கூடாது. பால்கனியில உக்காரக் கூடாதுன்னு எந்த வரியும் இல்லல்லக்கா?"

"இல்லவே இல்ல."

நுனியில், எந்த நிமிஷமும் எழுந்து ஓடுகிற மாதிரி உட்கார்ந்தாள். கால் மட்டும் சுற்றிக்கொண்டே இருந்தது. மெதுமெதுவாக அதுவும் நின்றது. கீழே நீச்சல் குளத்தோரம், கொளுத்துகிற வெயிலில், சாய்வு நாற்காலியில் ஒரு மனுஷன் கம்பளித் தொப்பி போட்டுக்கொண்டு படுத்திருந்தார். எங்களைப் பார்த்துக் கை ஆட்டினார். பம்பரம் விழுந்து விழுந்து சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. அவளுக்கு நேரம் இருந்ததில்லை.

தூரத்தில் ஒரு படகு முனையை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது.

அப்போது கதவு தட்டப்பட்டது. மூன்று தட்டு இல்லை. ஒரே அடி. பம்பரத்தின் சிரிப்பு அறுந்தது. எழுந்திருக்கப் போனாள். நான் அவள் மணிக்கட்டைப் பிடித்து உட்கார வைத்தேன்.

"நான்தான் மேனேஜர்" என்றது குரல். "கதவத் தொறங்க."

படகு இன்னும் முனை திரும்பவில்லை. நான் நாற்காலியில் நன்றாகச் சாய்ந்துகொண்டேன். அவருக்குக் கேட்கிற மாதிரி, மரியாதை ஒரு துளி குறையாமல், அத்தனை வருஷமாகக் காதில் விழுந்த அந்த ராகத்திலேயே சொன்னேன்.

"அப்புறம் வாங்க."